உயர் இரத்த அமுக்கத்தை மனிதன் அறிந்த வரலாறு

நோய் என்பது நோவைத் தருவது என்று கொள்வதே உலக வழக்கு. காய்ச்சல் உடலைச் சுடும். வயிற்றுவலி மனிதனை மடக்கி வீழ்த்தும். புண் கண்ணுக்குத் தெரியும். நோவு தோன்றியதும் வைத்தியரை நாடுவதும், நோவு தணிந்ததும் மருந்தை நிறுத்துவதும் மக்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்ட முறையாகும். இம்முறைக்கு அடங்காத நோய் ஒன்று உண்டு. அது பெரும்பாலும் வரும்போது அறிவிப்பதில்லை, இருக்கும்போது வருத்துவதில்லை. பத்து ஆண்டு, இருபது ஆண்டு உடலினுள் ஓசையின்றி உறைந்திருந்து, ஒரு நாள் மூளையிலோ இருதயத்திலோ சிறுநீரகத்திலோ தன் கொடுமையைக் காட்டுகிறது. அதுவே உயர் இரத்த அமுக்கம்.

நோவு தராத நோயை உணர்வு காட்டாது. எண்தான் காட்ட வேண்டும். ஆகவே இந்நோயின் வரலாறு ஓர் எண்ணைத் தேடிய வரலாறாகத் தொடங்குகிறது. எண் கிடைத்த பின்னரும் அதற்கு அஞ்ச வேண்டுமா, அதைக் குறைக்க வேண்டுமா என்ற ஐயம் அரை நூற்றாண்டு நீடித்தது. அந்த ஐயம் தீர்ந்த பின்னரோ, குறைத்ததை வாழ்நாள் முழுவதும் காப்பது எங்ஙனம் என்ற கேள்வி எழுந்தது. முதலிரு கேள்விகளுக்கு விடை கண்டவர்கள் அறிஞர்கள். மூன்றாவது கேள்விக்கு விடை ஒவ்வொரு வீட்டிலும் காணப்பட வேண்டியதாக இருக்கிறது.

இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள டெடிங்டன் என்னும் ஊரில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற குருவானவர் ஊழியம் செய்து வந்தார். செடிகளின் தண்டில் நீர் எவ்வாறு ஏறுகிறது என்று ஆராய்ந்த அவர், உயிர்களின் உடலில் இரத்தம் எத்துணை விசையோடு ஓடுகிறது என்றும் அறிய விரும்பினார். ஒரு பெண் குதிரையைக் கிடத்திக் கட்டி, அதன் தொடை நாடியில் ஒரு பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு 9 அடி நீளமான கண்ணாடிக் குழாயை நிமிர்த்திப் பொருத்தினார். இரத்தம் அக்குழாயில் 8 அடிக்கு மேல் ஏறி நின்றது. இருதயம் துடிக்குந்தோறும் ஏறியும் இறங்கியும் அசைந்தது. 1733ஆம் ஆண்டு வெளியான தமது நூலில் ஹேல்ஸ் இச்சோதனையை விவரித்தார். உடலினுள் ஓடும் இரத்தம் ஓர் அமுக்கத்தோடு ஓடுகிறது என்பதும், அந்த அமுக்கத்தை அளக்கலாம் என்பதும் அன்று தெளிவாயின. ஆயினும் நாடியை அறுத்து அளக்கும் முறை நோயாளிக்கு உதவாது. அந்தக் குதிரையும் பிழைக்கவில்லை.

அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்து, 1828இல், பிரான்சு நாட்டு அறிஞர் புவாசேய், நெடிய கண்ணாடிக் குழாய்க்குப் பதிலாக இரசம் நிரப்பிய வளைந்த குழாயைப் பயன்படுத்தினார். இரசம் தண்ணீரிலும் 13 மடங்குக்கு மேல் கனமானது. ஆதலின் அடிக்கணக்கில் ஏறிய அளவு மில்லிமீற்றர்க் கணக்கில் அடங்கிற்று. இன்று வைத்தியர், ‘120க்கு 80’ என்று கூறும்போது, அவர் சொல்வது அந்த இரசத்தின் உயரத்தையே. இரசம் நஞ்சு என்பதால் அதைக் கொண்ட கருவிகள் உலகெங்கும் கைவிடப்பட்டு வருகின்றன. கருவியை விட்டு இரசம் நீங்கினாலும் அதன் பெயரால் அமைந்த அளவு நிலைத்துவிட்டது.

நாடியை அறுக்காமல் அளக்கும் வழியைத் தந்தவர் இத்தாலியின் தூரின் நகர வைத்தியர் ரீவா ரொச்சி. 1896இல் அவர் அமைத்த கருவியில், மேற்கையைச் சுற்றி ஒரு இறப்பர்ப் பட்டி கட்டப்பட்டது. அதனுள் காற்றை ஏற்றக் கையின் நாடி அமுங்கி, மணிக்கட்டில் துடிப்பு மறையும். துடிப்பு மறையும் கணத்தில் இரசம் நிற்கும் உயரமே இரத்தத்தின் மேல் அமுக்கமாகும். கீழ் அமுக்கத்தை இம்முறை காட்டவில்லை. அக்குறையை 1905இல் நிக்கொலாய் கொரற்கோவ் என்னும் ருசிய இராணுவ வைத்தியர் நீக்கினார். பட்டியின் காற்றைச் சிறிது சிறிதாக வெளிவிடும்போது முழங்கை மடிப்பில் செவிக்குழாயை வைத்துக் கேட்டால், முதலில் ஒரு தட்டொலி தோன்றும். பின்னர் அது மறையும். தோன்றும் இடம் மேல் எண். மறையும் இடம் கீழ் எண். இருதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளுகையில் உள்ள அமுக்கம் முன்னையது. தளர்ந்து இளைப்பாறுகையில் எஞ்சி நிற்கும் அமுக்கம் பின்னையது. ஒரு பக்கத்துக்கும் குறைவான சிறு அறிக்கையில் கொரற்கோவ் சொன்ன இம்முறை இன்றும் உலகின் வைத்தியசாலைகளில் வழங்கி வருகிறது.

கருவி வந்தது, அது காட்டியதன் பொருள் யாது? இவ்விடத்தில் மறக்கத் தகாத ஒருவர் பிரெடெரிக் அக்பர் மொகமட். பாட்னாவிலிருந்து சென்று இங்கிலாந்தில் குடியேறி, 1810இல் இலண்டனில் இந்திய உணவுச்சாலை ஒன்றைத் திறந்த சேக் டீன் மொகமட்டின் பேரர் அவர். இலண்டன் கைஸ் வைத்தியசாலையில் பயின்று பணியாற்றிய அவர், நாடித்துடிப்பைக் கடுதாசியில் கோடாக வரையும் கருவியைக் கொண்டு 1870களில் நோயாளரைச் சோதித்தார். உயர் அமுக்கம் என்பது சிறுநீரக நோயின் பின்விளைவு என்றே அக்காலத்தவர் எண்ணினர். மொகமட்டோ, சிறுநீரகத்தில் கேடு எதுவும் காணாதவரிடத்தும், நலமாக உலவுவோரிடத்தும் அமுக்கம் உயர்ந்திருப்பதைக் கண்டு கூறினார். அமுக்கம் முந்தி வருகிறது. உறுப்புகளின் கேடு பிந்தி வருகிறது என்ற உண்மையின் வித்து அதுவே. தமது 35ஆம் வயதில், 1884இல், நெருப்புக் காய்ச்சலால் அவர் மறைந்தார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வெண்ணை ஊன்றி நோக்கியவர்களுள் ஆயுட் காப்புறுதிக் கம்பனிகள் முன்னின்றன. யார் விரைவில் இறப்பார் என்பது அவற்றின் இலாப நட்டக் கணக்கு. அமுக்கம் உயர்ந்தவர், தோற்றத்தில் எத்துணைத் திடகாத்திரராயினும், மற்றையோரிலும் முன்னதாக இறக்கிறார் என்று அவற்றின் ஏடுகள் காட்டின. வைத்தியர்களுள் பலரோ வேறு விதமாக எண்ணினர். வயது ஏற ஏற நாடிகள் தடித்துக் குறுகுகின்றன. குறுகிய வழியில் இரத்தம் செல்ல வேண்டுமாயின் அமுக்கம் உயரத்தான் வேண்டும். அதைக் குறைத்தால் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தம் போதாமற் போகும் என்பது அவர்கள் கொள்கை. லிவர்ப்பூல் நகரப் பேராசிரியர் ஜோன் ஹே 1931இல், இந்நோயாளிக்கு நேரும் பெரிய ஆபத்து நோய் கண்டுபிடிக்கப்படுவதே, ஏனெனில் யாராவது அதைக் குறைக்க முயல்வர் என்னும் கருத்துப்படப் பேசினார். அமெரிக்காவின் தலைசிறந்த இருதய வைத்தியரான போல் டட்லி வைற்றும் 1930களில், உயர் அமுக்கம் உடல் தனக்குத் தானே செய்துகொள்ளும் ஈடாக இருத்தல் கூடும் என எழுதினார். இவர்கள் அறிவிலிகள் அல்லர். குறைக்கத் தக்க நல்ல மருந்து ஒன்றும் இல்லாத காலத்தில் வாழ்ந்தவர்கள். கையில் மருந்து இல்லாதபோது, மருந்து வேண்டியதில்லை என்ற கொள்கை எளிதில் வேரூன்றிவிடுகிறது.

இக்கொள்கைக்கு விலையாகத் தம் உயிரைக் கொடுத்தோர் எண்ணற்றோர். அவர்களுள் ஒருவரின் வரலாறு மட்டும் எண்களோடு எஞ்சியிருக்கிறது. அவர் ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ற். 1935இல் அவருடைய அமுக்கம் 136க்கு 78. 1937இல் 162க்கு 98. 1941இல் 188க்கு 105. இந்த எண்கள் ஏட்டில் பதியப்பட்டனவேயன்றி, அவற்றை ஒட்டிக் குறிப்பிடத்தக்க சிகிச்சை எதுவும் செய்யப்படவில்லை. அவருடைய சொந்த வைத்தியர் மூக்கு, தொண்டை நோய்களில் தேர்ந்தவர். சனாதிபதியின் உடல்நலம் வயதுக்கேற்ப நன்றாகவே உள்ளது என்று உலகுக்கு அறிவித்து வந்தார். உலகப் போரின் சுமை முழுவதும் அம்மனிதரின் தோளில் இருந்தது.

1944 மார்ச்சு இறுதியில் ஹவார்ட் புரூவன் என்ற இளம் இருதய வைத்தியர் அவரைச் சோதித்தார். இருதயம் பெருத்திருந்தது, அது சோர்ந்து, நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருந்தது. அமுக்கம் 186க்கு 108. புரூவன் தம்மால் இயன்றதைச் செய்தார். இருதயத்துக்கு வலிவூட்டும் டிஜிற்றாலிசு என்ற மருந்தைக் கொடுத்தார்; உப்பைக் குறைத்தார்; எடையைக் குறைக்கச் செய்தார்; புகைப்பதைக் குறைக்கும்படியும் ஓய்வு கொள்ளும்படியும் வற்புறுத்தினார். இருதயம் சிறிது தேறிற்று; அமுக்கமோ அடங்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் ரூஸ்வெல்ற் நான்காம் முறையாகச் சனாதிபதியாகத் தெரிவு செய்யப்பட்டார். 1945 பெப்ரவரியில் யால்ற்றா மாநாட்டுக்குச் சென்று, ஸ்டாலினோடும் சேர்ச்சிலோடும் உலகின் எதிர்காலத்தைப் பேசினார். ஏப்ரல் 12ஆம் நாள், ஜோர்ஜியா மாநிலத்தின் வோம் ஸ்பிரிங்ஸ் என்னும் இடத்தில், ஓவியர் ஒருவர் அவருடைய உருவத்தை வரைந்துகொண்டிருந்த வேளையில், தலை மிக நோவதாகச் சொல்லிச் சாய்ந்தார். அப்போது அளந்த அமுக்கம் 300க்கு 190. மூளையில் இரத்தம் கசிந்து, சில மணி நேரத்தில், 63ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார். இம்மரணம் எதிர்பாராத இடி என்று அன்று சொல்லப்பட்டது. 1970இல் புரூவன் அந்த எண்களை வெளியிட்டபோதுதான், அந்த இடி பத்து ஆண்டுகளாக முழங்கிக்கொண்டே வந்தது உலகுக்குத் தெரிந்தது. உலகின் மிக வலிய நாட்டின் தலைவருக்கும் அன்று கிடைக்காத சிகிச்சை, இன்று கிராமத்து வைத்தியசாலையின் மருந்துப் பகுதியில் சிறு குளிசையாகக் கிடைக்கிறது என்பதை நேயர்கள் இவ்விடத்தில் கருத வேண்டும்.

ரூஸ்வெல்ற் வாழ்ந்த நாளிலேயே சிகிச்சையைத் தேடிய இரு நெறிகள் தோன்றியிருந்தன. ஒன்று உணவு நெறி. மற்றது மருந்து நெறி. உப்புக்கும் அமுக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்று 1904இலேயே பாரிசு நகரில் அம்பார், பொஜார் என்ற இருவர் கூறியிருந்தனர். அதைப் பெரும் அளவிற் செய்து காட்டியவர் வால்ற்றர் கெம்னர். ஹிற்லரின் ஆட்சியில் ஜேர்மனியை விட்டு நீங்கி, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் சேர்ந்த இவ்வைத்தியர், கடும் நோயாளருக்குச் சோறும் பழமும் சர்க்கரையுமே உணவாகக் கொடுத்தார். சோறு என்றதும் நம்மவரின் கறிசோறு என்று எண்ணலாகாது. அது உப்பில்லாச் சோறு. குழம்பும் இல்லை, கருவாடும் இல்லை, ஊறுகாயும் இல்லை. மாதக்கணக்கில் அதை உண்டோருள் பலருக்கு அமுக்கம் இறங்கிற்று. பெருத்த இருதயம் சிறுத்தது. மங்கிய கண் தெளிந்தது. 1940களில் இவை பெருவியப்பாகப் பேசப்பட்டன. ஆனால் அந்த உணவை நெடுங்காலம் தாங்கியோர் சிலரே. உணவால் அமுக்கத்தைக் குறைக்கலாம் என்பதைக் கெம்னர் மெய்ப்பித்தார். மனிதன் தாங்கக்கூடிய உணவு எது என்ற கேள்வியை எஞ்ச விட்டார்.

மருந்து நெறியில் முதற் குரல்களுள் ஒன்று பாரத நாட்டிலிருந்து எழுந்தது. சர்ப்பகந்தி என்னும் மூலிகையின் வேரை நாட்டு வைத்தியர்கள் பித்துக்கும் உறக்கமின்மைக்கும் பன்னெடுங் காலமாக வழங்கி வந்தனர். 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவர், அவ்வேர் உயர் இரத்த அமுக்கத்தையும் குறைக்கிறது என்று எழுதினர். மேல்நாட்டார் அதனைக் கவனிக்கவில்லை. 1949இல் பம்பாயின் இருதய வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல், 50 நோயாளரிடம் கண்ட பயனைப் பிரித்தானிய இருதய ஏட்டில் வெளியிட்டபோது உலகம் விழித்தது. 1952இல் சுவிற்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து றெசர்பீன் என்னும் சத்து பிரித்தெடுக்கப்பட்டது. அளவு மிகுந்தால் மனச்சோர்வை உண்டாக்கும் குறை அதற்கு இருந்தது. அக்காலத்து மற்றைய வழிகள் அதனினும் கடுமையானவை. முதுகெலும்பை ஒட்டிய நரம்புகளை வெட்டும் பெருஞ் சத்திரசிகிச்சை ஒன்று. எழுந்து நின்றால் மயங்கி விழச் செய்யும் ஊசி மருந்துகள் மற்றொன்று. ஆதலின் கடும் நோயாளரன்றிப் பிறர் சிகிச்சையை நாடவில்லை.

1950களின் இறுதியில் நிலைமை மாறிற்று. மேர்க் என்னும் அமெரிக்கக் கம்பனியின் ஆய்வாளர் கண்ட குளோரோதயசைட், உடலிலுள்ள மிகை உப்பையும் நீரையும் சிறுநீரகத்தின் வழியே வெளியேற்றிற்று. வாயால் விழுங்கும் குளிசை. பெருந் துன்பம் தராதது. கெம்னரின் சோறு எந்த உப்பை உள்ளே விடாமல் தடுத்ததோ, அதே உப்பை இக்குளிசை வெளியே அனுப்பியது. உணவு நெறியும் மருந்து நெறியும் பகை நெறிகள் அல்ல, ஒரே வாயிலின் இரு கதவுகள் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இதற்கிடையே நோயின் உண்மை உருவமும் வெளிப்பட்டு வந்தது. ரூஸ்வெல்ற் மறைந்து மூன்றாண்டின் பின், 1948இல், அமெரிக்க அரசு இருதய நோய்க்கெனத் தேசிய நிறுவனம் ஒன்றை அமைத்தது. அதே ஆண்டில் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் பிராமிங்காம் என்ற சிற்றூரில் 5,209 ஆண் பெண்களைச் சேர்த்து, அவர்களுள் யாருக்கு நோய் வருகிறது, யாருக்கு வரவில்லை என்று இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நோக்கும் ஆய்வு தொடங்கிற்று. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதிற் சேர்ந்தனர். அமுக்கம் உயர்ந்தோருக்கு மாரடைப்பும் பாரிசவாதமும் பல மடங்கு மிகுதி என்பதை அவ்வூர் காட்டிற்று. தலைவலி வந்தால் அமுக்கம், வராவிட்டால் நலம் என்ற கணக்கும், வயதோடு 100ஐக் கூட்டினால் வரும் எண் வயோதிபருக்கு இயல்பு என்ற கணக்கும் பிழையாயின.

கேடு தெளிவாயிற்று, குறைத்தால் நன்மை உண்டா என்பதற்கு நேர்ச்சான்று இன்னும் வேண்டியிருந்தது. அச்சான்றைத் தந்தவர் எட்வேர்ட் பிரீஸ் என்ற வைத்தியர். அமெரிக்காவின் முன்னாட் படைவீரருக்கான வைத்தியசாலைகளில், கீழ் எண் 115க்கும் 129க்கும் இடைப்பட்ட 143 பேரை அவர் இரு கூறாக்கினார். ஒரு கூற்றார்க்கு மூன்று மருந்துகள். மற்றவர்க்கு மருந்தில்லாப் போலிக் குளிசை. அம்மூன்றனுள் ஒன்று சர்ப்பகந்தி வேரின் றெசர்பீன் என்பது நினைவிற் கொள்ளத் தக்கது. 1967இல் முடிவு வெளியாயிற்று. போலிக் குளிசை பெற்ற 70 பேருள் 27 பேருக்குப் பெருங் கேடுகள் நேர்ந்தன, நால்வர் இறந்தனர். மருந்து பெற்ற 73 பேருள் கேடுற்றோர் இருவர். இறந்தோர் ஒருவரும் இலர். வேறுபாடு இத்துணைப் பெரிதாக இருந்தமையால் ஆய்வைத் தொடர்வது தகாது எனக் குறித்த காலத்துக்கு முன்னரே நிறுத்தினர். இதனிலும் குறைந்த அமுக்கம் உடைய 380 பேரிடம் நடத்திய ஆய்வு 1970இல் வெளியாயிற்று. அங்கும் மருந்து பெறாதோருள் 19 பேரும், பெற்றோருள் 8 பேரும் இறந்தனர். குறைக்கலாகாது என்ற பழங்கொள்கை அத்துடன் முடிவுற்றது.

பிரீஸின் ஆய்வில் பலர் கவனியாத ஒரு நுட்பம் உண்டு. ஆய்விற் சேர்க்குமுன் ஒவ்வொருவரும் குளிசையை ஒழுங்காக உட்கொள்பவரா என்று அவர் சோதித்தார். மீந்த குளிசைகளை எண்ணினார்; சிறுநீரில் ஒளிரும் உயிர்ச்சத்து ஒன்றைக் குளிசையிற் சேர்த்து, உட்கொண்டாரா இல்லையா என்று பார்த்தார். தவறியோரைச் சேர்க்கவில்லை. ஆகவே அந்த வெற்றி மருந்தின் வெற்றி மட்டுமன்று. நாள் தவறாது உட்கொண்ட மனிதரின் வெற்றியுமாகும்.

பின்வந்த ஆண்டுகளில் மருந்துகள் பெருகின. பிரித்தானியாவின் ஜேம்ஸ் பிளாக் 1960களில் தந்த புரோப்பிரனோலோல் இருதயத்தின் மிகைவேகத்தைத் தணித்தது. பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சை ஆராய்ந்த சேர்ஜியோ பெரேரா காட்டிய வழியில் கப்ரோப்பிரில் உருவாகி 1981இல் வழக்குக்கு வந்தது. கடிபட்டவரின் அமுக்கத்தை வீழ்த்தும் நஞ்சு, அமுக்கம் உயர்ந்தவரைக் காக்கும் மருந்துக்கு வழிகாட்டிற்று. 60 வயதைக் கடந்த 4,736 பேரிடம் நடத்திய ஆய்வு 1991இல் வெளியாகி, மேல் எண் மட்டும் உயர்ந்த முதியோருக்கும் சிகிச்சையால் பாரிசவாதம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும் எனக் காட்டிற்று. 2015இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஆபத்து மிக்க நோயாளரின் மேல் எண்ணை 140க்குக் கீழ் வைப்பதிலும் 120க்குக் கீழ் வைப்பது உயிர் காக்கிறது எனக் கண்டனர். யாருக்கு எந்த அளவு பொருந்தும் என்பது வைத்தியர் நோயாளியைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியதாகும்.

உணவு நெறியும் உறங்கிவிடவில்லை. கெம்னர் எஞ்ச விட்ட கேள்விக்கு 1997இல் அமெரிக்க ஆய்வு ஒன்று விடை கூறிற்று. காய்கறி, பழம், கொழுப்பு நீக்கிய பால், பருப்பு வகை, தவிடு நீக்காத தானியம் ஆகியவை மிகுந்தும், கொழுப்பும் இனிப்பும் குறைந்தும் உள்ள உணவை 8 வாரம் உண்டபோது, அமுக்கம் உயர்ந்திருந்தோரின் மேல் எண் ஏறத்தாழ 11 குறைந்தது. ஒரு மருந்தின் பயனுக்கு இது ஏறக்குறைய நிகரானது. அவ்வுணவோடு உப்பையும் குறைத்தால் பயன் மேலும் பெருகும் என 2001இல் கண்டனர். உப்பையே அறியாத பிரேசில் நாட்டு யனோமாமிப் பழங்குடியினரிடம் வயது ஏறினாலும் அமுக்கம் ஏறுவதில்லை என்பதை, 32 நாடுகளில் 10,000க்கு மேற்பட்டோரை அளந்து 1988இல் வெளியிட்ட ஆய்வு முன்னரே காட்டியிருந்தது. அமுக்கம் ஏறுவது வயதின் விதி அன்று. வாழும் முறையின் விளைவும் அதிற் கலந்திருக்கிறது. எடையைக் குறைத்தல், நாள்தோறும் விரைந்து நடத்தல், மதுவைத் தவிர்த்தல் ஆகியன அமுக்கத்தை இறக்குகின்றன. புகையை விடுதல் நாடிகளைக் காக்கிறது.

இவ்வரலாற்றில் இலங்கைக்கும் ஓர் இடம் உண்டு. மூன்று மருந்துகளைச் சிறு அளவிற் சேர்த்த ஒரே குளிசையை, நமது நாட்டு வைத்தியசாலைச் சிகிச்சை நிலையங்கள் பதினொன்றில் 700 நோயாளரிடம் ஆராய்ந்தனர். ஆறு மாதத்தின் பின் அதைப் பெற்றோருள் 100க்கு 70 பேரின் அமுக்கம் உரிய அளவுக்கு இறங்கிற்று; வழக்கமான சிகிச்சை பெற்றோருள் 55 பேரே அந்நிலையை எய்தினர். 2018இல் வெளியான அம்முடிவை உலக வைத்தியர்கள் கருத்திற் கொண்டனர். இலங்கை, பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாட்டுக் கிராமங்களில் நடந்த மற்றோர் ஆய்வு 2020இல் வெளியாயிற்று. அங்கே பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு தேடிச் சென்று அமுக்கத்தை அளந்தனர். உணவைப் பற்றிப் பேசினர். வைத்தியரிடம் செல்லத் தூண்டினர். அத்தகைய கிராமங்களில் அமுக்கம் மற்றைய கிராமங்களிலும் கூடுதலாகக் குறைந்தது. புதிய மருந்து எதுவும் அங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. வாயிலுக்கு வந்த ஒருவர் அளந்தார், நினைவூட்டினார். அதுவே போதியதாயிற்று.

ஆயினும் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 2019இல் உலகில் 30 வயதுக்கும் 79க்கும் இடைப்பட்டோருள் இந்நோய் உடையவர் ஏறத்தாழ 128 கோடி. அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் தமக்கு நோய் உண்டு என்பதையே அறியார். அமுக்கத்தை உரிய அளவில் வைத்திருப்போர் ஐவருள் ஒருவரே. கருவியும் உண்டு, மருந்தும் உண்டு, உணவு நெறியும் உண்டு. இல்லாதது யாதெனின், நோவு இல்லாதபோதும் நோயை நோயென மதிக்கும் மனப்பழக்கம்.

அப்பழக்கம் பெரிய துறவு எதையும் வேண்டவில்லை. வளர்ந்தோர் அனைவரும் காலந்தோறும் அமுக்கத்தை அளந்துகொள்ள வேண்டும். அளக்குமுன் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருக்க வேண்டும். தேநீரும் புகையும் முன் அரை மணி நேரம் ஆகா. ஒருமுறை கண்ட எண்ணைக் கொண்டு முடிவு செய்யாது, வேறு நாட்களிலும் அளந்தறிய வேண்டும். 140க்கு 90 அல்லது அதற்கு மேல் நிலைத்து நிற்பின் வைத்தியரின் சொற்படி நடக்க வேண்டும். நாள் ஒன்றுக்கு உப்பு 5 கிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நெறி. அது ஒரு தேக்கரண்டி அளவு. கருவாடு, அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாய் ஆகியவற்றின் உப்பும், கடையில் வாங்கும் பாண், பிஸ்கற்று ஆகியவற்றின் உப்பும் அந்த ஒரு கரண்டிக்குள் அடங்க வேண்டும் என்பதை அடுக்களையில் உள்ளோர் மறத்தலாகாது. நோயுற்றவருக்கென வேறு குழம்பு வைப்பதிலும், வீட்டார் அனைவரும் உப்பைக் குறைத்த ஒரே குழம்பை உண்பது எளிது. பிள்ளைகளுக்கும் அது நல்லது.

இறுதியாக, மருந்து. அமுக்கம் 130க்கு இறங்கியதும், நோய் மாறிவிட்டது என்று குளிசையை நிறுத்துவோர் நம்மிடையே பலர். இறங்கியது நோய் மாறியதால் அன்று. மருந்து வேலை செய்ததால். அணையால் தேங்கி நின்ற வெள்ளத்தைக் கண்டு, வெள்ளம் வற்றிவிட்டது என அணையை உடைப்பாரை என்னென்பது? உணவாலும் நடையாலும் எடை குறைந்து, குளிசையைக் குறைக்கலாம் என்ற நிலை சிலருக்கு வருவதுண்டு. அதை அளந்து சொல்ல வேண்டியவர் வைத்தியர். பக்க விளைவு தோன்றினாலும் வேறு மருந்துகள் பல உண்டு; மௌனமாக நிறுத்துவதிலும் வைத்தியரிடம் சொல்லி மாற்றுவதே அறிவுடைமை.

ஹேல்ஸ் முதல் இன்றைய ஆய்வாளர் வரை, ஏறத்தாழ முந்நூறு ஆண்டு உழைப்பின் பயன் ஒரு சிறு எண்ணாகவும் ஒரு சிறு குளிசையாகவும் ஒரு கரண்டி உப்பாகவும் சுருங்கி நம் கைக்கு வந்துள்ளது. 1944இல் புரூவனுக்கு அந்த எண் தெரியும். அதை அடக்கும் மருந்து இல்லை. இன்று மருந்து இருக்கிறது. பாதிப்பேருக்கு எண் தெரியவில்லை. அவருக்கு இயலாதது நமக்கு இயலும். தம் எண்ணை அறியாதோர் அதை அறிய முற்படுவார்களாக. அறிந்தோர் குளிசையையும் உப்பின் அளவையும் நாள் தவறாது பேணுவார்களாக.